சாவுக் கணக்குப் பார்த்த சீமாட்டி

பேரையூர்ப் பக்கத்தில் முன்பெல்லாம் கிழவிகளிடம் வயது கேட்டால் வருஷத்தைச் சொல்ல மாட்டார்கள். பஞ்சத்தைச் சொல்லுவார்கள். தாது வருஷப் பஞ்சத்தில் தன் தாய் கைக்குழந்தை என்பாள் ஒருத்தி. அந்தப் பஞ்சத்தில்தான் தன் பாட்டன் கண்டிச் சீமைக்குப் போனான், திரும்பவே இல்லை என்பாள் இன்னொருத்தி.

பேரையூர் மதுரைக்குத் தென்மேற்கே மலையடிவாரத்தில் இருக்கிறது. சுற்றிலும் கரிசல் காடு. மானாவாரி வெள்ளாமை. மழை பெய்தால் சோறு உண்டு. பெய்யாவிட்டால் இல்லை.

தாது வருஷம் என்பது 1876-ம் ஆண்டு. அந்த ஆண்டு மழை பொய்த்தது. தென்னாடு முழுவதும் பஞ்சம். ஊர் ஊராக ஜனங்கள் செத்தார்கள்.

எத்தனை பேர் செத்தார்கள்?

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்வது எளிதல்ல. பசியால் செத்தவன் சட்டைப் பையில் சீட்டு வைத்துக்கொண்டா சாகிறான்? ஒருவன் காய்ச்சலில் போனான். ஒருத்தி வாந்திபேதியில் போனாள். ஒரு குழந்தை பாலில்லாமல் போயிற்று. இதில் எதைப் பஞ்சத்தின் கணக்கில் எழுதுவது? எதைச் சாதாரணச் சாவு என்று தள்ளுவது?

இதற்கு ஒரு வழி இருக்கிறது. அந்த வழியைச் சீமையில் மந்திரிகளின் மேசையிலும் ராணியின் அரண்மனையிலும் கொண்டு போய் வைத்தவர் ஒரு பெண். அவர் மதுரையைப் பார்த்ததே இல்லை. இந்தியாவில் கால் வைத்ததே இல்லை. லண்டனில் ஓர் அறையில், கட்டிலில் படுத்தபடி, இந்த நாட்டுச் சாவுக் கணக்கை நாற்பது ஆண்டுகள் பார்த்தார்.

அவர்தான் புளோரன்ஸ் நைட்டிங்கேல்.

கையில் விளக்குடன் நிற்கும் நர்சு என்றுதான் அவரை நமக்குத் தெரியும். பள்ளிக்கூடப் புத்தகத்தில் அந்தப் படம்தான் இருக்கிறது. விளக்கை விட அவருடைய பென்சில்தான் அதிகம் பேரைக் காப்பாற்றியது என்று இந்தக் கட்டுரையை எழுதுகிறவன் நினைக்கிறான். நீங்களும் படித்துப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

கணக்குப் பைத்தியம்

நைட்டிங்கேல் 1820-ம் ஆண்டு மே மாதம் 12-ந்தேதி பிறந்தார். இத்தாலி நாட்டில் புளோரன்ஸ் என்று ஓர் அழகான நகரம் உண்டு. பெற்றோர் அங்கே சுற்றுப்பயணம் போயிருந்தபோது பிறந்த குழந்தை. அதனால் ஊர்ப் பெயரையே குழந்தைக்கு வைத்துவிட்டார்கள். பழனியில் பிறந்தவனுக்குப் பழனி என்று பெயர் வைப்பது போலத்தான்!

பெரிய பணக்காரக் குடும்பம். இரண்டு பங்களாக்கள். வேலைக்காரர்கள். வண்டி, குதிரைகள். தகப்பனார் படித்தவர். பெண்களுக்கும் படிப்பு வேண்டும் என்று நினைத்தவர். தாமே வீட்டில் பாடம் சொல்லிக் கொடுத்தார்.

புளோரன்சுக்குக் கணக்கு என்றால் உயிர். மற்றப் பெண்கள் பின்னல் பின்னினார்கள், பியானோ வாசித்தார்கள். இவர் கணக்கு வாத்தியார் வேண்டும் என்று அடம் பிடித்தார். இதனால் என்ன லாபம் என்று தாய்க்குப் புரியவில்லை.

பதினாறு வயதில், கடவுள் தம்மை ஏதோ ஒரு வேலைக்கு அழைப்பதாக அவருக்குத் தோன்றியது. என்ன வேலை என்று தெரிய ஆண்டுகள் பல ஆயின. கடைசியில் முடிவு செய்தார். நோயாளிகளைப் பார்க்கும் வேலை!

வீட்டில் இடி விழுந்தது போல் ஆயிற்று. அந்தக் காலத்து ஆஸ்பத்திரிகள் இப்போது போல் இல்லை. நாற்றம் பிடித்த இடங்கள். அங்கே வேலை பார்த்த பெண்களுக்கும் நல்ல பெயர் கிடையாது. சீமான் வீட்டுப் பெண் அங்கே போவதா? தாய் அழுதாள். அக்கா மூர்ச்சை போட்டாள். நல்ல மாப்பிள்ளை ஒருவர் ஆண்டுக் கணக்கில் காத்திருந்தார். புளோரன்ஸ் அவரையும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

1851-ம் ஆண்டு ஜெர்மனிக்குப் போய் ஓர் ஆஸ்பத்திரியில் வேலை பழகினார். 1853-ல் லண்டனில் ஒரு சிறிய ஆஸ்பத்திரிக்குத் தலைவியானார். அப்போது வயது முப்பத்துமூன்று.

அடுத்த ஆண்டு யுத்தம் வந்தது.

துருக்கியில் ஒரு நரகம்

ருஷ்யாவுக்கும் துருக்கிக்கும் சண்டை. துருக்கிக்கு ஆதரவாக இங்கிலாந்தும் பிரான்சும் சேர்ந்துகொண்டன. கருங்கடல் ஓரத்தில் கிரிமியா என்ற இடத்தில் போர். காயம்பட்ட சிப்பாய்களைக் கப்பலில் ஏற்றித் துருக்கியில் ஸ்கூட்டாரி என்ற ஊருக்குக் கொண்டு வந்தார்கள். அங்கே ஒரு பழைய பட்டாள விடுதி ஆஸ்பத்திரியாக மாறியிருந்தது.

அங்கே மருந்து இல்லை, துணி இல்லை என்று லண்டன் பத்திரிகை எழுதியது. ஜனங்கள் கொதித்தார்கள். யுத்த இலாகா மந்திரி சிட்னி ஹெர்பர்ட், நைட்டிங்கேலின் நண்பர். அவர் இவரை அனுப்பினார். 38 பெண்களுடன் புறப்பட்டு, 1854-ம் ஆண்டு நவம்பர் முதல் வாரத்தில் ஸ்கூட்டாரிக்குப் போய்ச் சேர்ந்தார்.

அவர் பார்த்த காட்சியை விவரிக்க வேண்டியதில்லை. தரையில் வரிசையாக மனிதர்கள். ரத்தம் காய்ந்த உடுப்பு. எலி. பேன். நைட்டிங்கேல் தம் பணத்தையும், பத்திரிகை திரட்டிய பணத்தையும் போட்டுச் சட்டை வாங்கினார். துணி வெளுக்க ஏற்பாடு செய்தார். நல்ல சாப்பாடு கொடுத்தார். இரவில் விளக்கை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு கட்டிலாகப் பார்த்து வந்தார். படம் அங்கேதான் பிறந்தது.

இங்கே ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்ல வேண்டும். அவர் போன பிறகும் சாவு குறையவில்லை. கூடியது!

1855-ம் ஆண்டு ஜனவரியில் மட்டும் 3 ஆயிரத்துக்கு மேல் சிப்பாய்கள் செத்தார்கள். அதில் குண்டடியாலும் வெட்டுக் காயத்தாலும் செத்தவர்கள் 83 பேர்தான். 2,761 பேர் பேதி, காலரா, காய்ச்சல் போன்ற வியாதிகளால் செத்தார்கள். பிப்ரவரியில் ஆஸ்பத்திரியில் படுத்த நூறு பேருக்கு 42 பேர் என்ற கணக்கில் மாண்டார்கள். விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. சாவும் நடந்துகொண்டுதான் இருந்தது.

காரணம் என்ன? ஆஸ்பத்திரிக் கட்டிடத்தின் அடியில் சாக்கடை அடைத்துக்கொண்டு நின்றது. மேலே படுத்திருந்தவர்கள் அந்தக் காற்றைச் சுவாசித்தார்கள். குடிதண்ணீர் வரும் வாய்க்காலில் ஒரு குதிரை செத்துக் கிடந்தது!

மார்ச் மாதம் லண்டனிலிருந்து சுகாதார அதிகாரிகள் குழு ஒன்று வந்தது. முதல் இரண்டு வாரத்திலேயே ஐந்நூறுக்கு மேற்பட்ட கைவண்டிக் குப்பையை அள்ளினார்கள். இருபதுக்கு மேற்பட்ட செத்த பிராணிகளைப் புதைத்தார்கள். சாக்கடையைக் கழுவினார்கள். சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள். காற்று வரக் கூரையில் வழி செய்தார்கள்.

ஜூன் மாதம் நூற்றுக்கு 42 என்பது நூற்றுக்கு 2 ஆகக் குறைந்தது.

மூன்று புத்தகம், மூன்று கணக்கு

ஸ்கூட்டாரியில் நைட்டிங்கேலுக்கு இன்னொரு அதிர்ச்சியும் காத்திருந்தது. அங்கே செத்தவர்களின் பெயரை எழுத மூன்று தனித்தனிப் பதிவேடுகள் இருந்தன. மூன்றிலும் மூன்று வெவ்வேறு எண்ணிக்கை! எது சரி என்று யாருக்கும் தெரியாது. சிப்பாய்களைப் புதைத்தார்கள். எத்தனை பேர் என்று உறுதியாகச் சொல்ல ஆள் இல்லை.

கணக்கில் உயிரை வைத்திருந்த பெண்ணுக்கு இது பொறுக்கவில்லை. அரிசி மூட்டை குறைந்தால் கணக்குக் கேட்கிறார்கள். ஆள் குறைந்தால் கேட்கிறவன் இல்லையே!

1856-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் ஊர் திரும்பினார். வரவேற்பு கொடுக்க ஊரே காத்திருந்தது. அவர் வேறு பெயரில் பயணம் செய்து, யாருக்கும் தெரியாமல் வீடு போய்ச் சேர்ந்தார். உடம்பு உருக்குலைந்து போயிருந்தது. கிரிமியாவில் பிடித்த காய்ச்சல் வாழ்நாள் முழுவதும் அவரை விடவில்லை.

விக்டோரியா மகாராணி அவரை அழைத்துப் பேசினார். நைட்டிங்கேல் தமக்கு ஒன்றும் கேட்கவில்லை. பட்டாளத்தில் ஏன் இத்தனை பேர் செத்தார்கள் என்று விசாரிக்க ஒரு கமிஷன் கேட்டார். அடுத்த ஆண்டு கமிஷன் வந்தது.

பக்கத்தில் வைத்துப் பார்

அந்த நேரத்தில்தான் டாக்டர் வில்லியம் ஃபார் என்பவரைச் சந்தித்தார். இங்கிலாந்து நாட்டின் பிறப்பு இறப்புக் கணக்கை வைத்திருந்த நிபுணர் அவர். ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். கூடுதல் சாவைக் கணக்கிடும் வித்தையை முன்பே கையாண்டவர்.

அது என்ன வித்தை? 1847-ம் ஆண்டு கடைசியில் லண்டனில் ஒரு கொடிய சளிக்காய்ச்சல் பரவியது. அந்த வியாதியின் பெயரை எழுதிப் பதிவான சாவு கொஞ்சம்தான். ஆனால் சுடுகாட்டில், மன்னிக்கவும், அவர்கள் ஊரில் கல்லறைத் தோட்டத்தில் கூட்டம் தாங்கவில்லை. டாக்டர் ஃபார் என்ன செய்தார் தெரியுமா? யார் எந்த வியாதியால் செத்தார் என்ற சண்டைக்கே போகவில்லை. வழக்கமாக அந்த வாரங்களில் எத்தனை பேர் சாவார்கள் என்று பழைய ஏட்டைப் பார்த்தார். இந்தத் தடவை எத்தனை பேர் என்று எண்ணினார். பெரியதிலிருந்து சிறியதைக் கழித்தார். ஏறக்குறைய 5 ஆயிரம் மிஞ்சியது. அதுதான் அந்தக் காய்ச்சல் கொண்டு போன உயிர்!

நம் ஊர்க் கணக்கில் சொல்கிறேன். ஒரு கிராமத்தில் வழக்கமாக ஆண்டுக்கு 30 பேர் சாகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓர் ஆண்டு 28 இருக்கும். ஓர் ஆண்டு 33 இருக்கும். சராசரி 30. திடீரென்று ஓர் ஆண்டு 75 பேர் செத்தார்கள். அந்த ஊரில் டாக்டர் இல்லை. யாருக்கு என்ன வியாதி என்று தெரியாது. ஆனாலும் ஏதோ ஒரு பெரும் கேடு வந்து 45 பேரைக் கொண்டு போயிற்று என்று அடித்துச் சொல்லலாம். காய்ச்சல் என்று எழுதினாலும், வயிற்றுப்போக்கு என்று எழுதினாலும், ஒன்றுமே எழுதாவிட்டாலும் அந்த 45 மறையாது.

நைட்டிங்கேல் இதை அப்படியே பிடித்துக்கொண்டார். பட்டாளத்தின் மேல் பிரயோகித்தார்.

யுத்தத்தில் சிப்பாய் சாவது சகஜம் என்று ஜெனரல்கள் தப்பித்துக்கொள்ளலாம். அதனால் அவர் யுத்தத்தை விட்டார். சண்டை இல்லாத காலத்தில், இங்கிலாந்திலேயே, பட்டாள விடுதியில் இருக்கும் சிப்பாய்களை எடுத்துக்கொண்டார். பொறுக்கி எடுத்த வாலிபர்கள். நல்ல உடம்பு. வேளாவேளைக்குச் சாப்பாடு. அவர்களில் ஆண்டுக்கு ஆயிரம் பேருக்கு எத்தனை பேர் சாகிறார்கள்? 17, 19, 20 என்று படைக்குப் படை இருந்தது. பக்கத்துத் தெருவில் அதே வயதுடைய சாதாரண ஆண்களில்? ஆயிரத்துக்கு 11 பேர்தான்!

குண்டு இல்லை, பீரங்கி இல்லை. ஆனால் திடகாத்திரமான சிப்பாய் சாதாரண ஆளைப் போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு சாகிறான். விடுதியின் நெரிசலும் சாக்கடையும் அவனைக் கொல்கின்றன. ஆண்டுக்கு 1,100 பேரை ஒரு மைதானத்தில் நிறுத்திச் சுட்டுக் கொல்வதற்கு இது சமம் என்று அவர் கணக்குப் போட்டுக் காட்டினார். மேலிடத்தில் பலருக்கு முகம் சுருங்கியது.

படம் போட்ட கணக்கு

கணக்குச் சரியாக இருந்தால் போதுமா? படிக்க வேண்டுமே! மந்திரிகளுக்கு எண் வரிசையைக் கண்டால் தூக்கம் வரும் என்று அவருக்குத் தெரியும். அதனால் படம் வரைந்தார்.

ஒரு வட்டம். அதில் பன்னிரண்டு மாதத்துக்குப் பன்னிரண்டு துண்டு, பூவிதழ் போல. வியாதியால் செத்தவர்களுக்கு நீல நிறம். காயத்தால் செத்தவர்களுக்குச் சிவப்பு. மற்றக் காரணங்களுக்குக் கறுப்பு. பார்த்த உடனே தெரியும். நீலம் பெரிய சிறகாக விரிந்து கிடக்கிறது. சிவப்பு நடுவில் சின்னதாக ஒடுங்கிக் கிடக்கிறது. எழுதப் படிக்கத் தெரியாதவனும் புரிந்துகொள்வான்.

1858-ம் ஆண்டு இங்கிலாந்தின் புள்ளிவிவரச் சங்கம் அவரை உறுப்பினராக ஏற்றுக்கொண்டது. அந்தச் சங்கத்தில் இடம் பெற்ற முதல் பெண் அவர்தான். அதன் பிறகு பட்டாள விடுதிகளைத் திருத்திக் கட்டினார்கள். 1860-ல் லண்டனில் நர்சுகளுக்குப் பள்ளிக்கூடம் திறந்தார். இன்று மதுரைப் பெரிய ஆஸ்பத்திரியில் வெள்ளை உடுப்போடு நடக்கும் நர்சு வரை அந்தப் பள்ளிக்கூடத்தின் பரம்பரைதான். அது தனிக் கதை. வேறொரு ஞாயிற்றுக்கிழமை பார்க்கலாம்.

ஒரு குறையும் சொல்லிவிட வேண்டும். கிருமியால் நோய் பரவுகிறது என்பதை அவர் நெடுங்காலம் ஒப்புக்கொள்ளவில்லை. கெட்ட காற்றும் அழுக்கும்தான் காரணம் என்று பிடிவாதமாக இருந்தார். வயதான பிறகே மனம் மாறினார். ஆனாலும் அழுக்கை அகற்றச் சொன்னதில் தவறு இல்லை. கிருமியும் அங்கேதான் இருந்தது!

இந்தியா வருகிறது

1857-ல் இந்தியாவில் சிப்பாய்க் கலகம். அதன்பின் வெள்ளைக்காரப் பட்டாளம் இங்கே பெருகியது. அவர்கள் எப்படி இருக்கிறார்கள் என்று பார்க்க 1859-ல் இன்னொரு கமிஷன். அதன் பின்னால் இருந்து நடத்தியவர் நைட்டிங்கேல்தான். எழுந்து நடக்க முடியாத உடம்பு. படுக்கையில் இருந்தபடியே கேள்வித் தாள் தயாரித்தார். இந்தியாவில் பட்டாளம் தங்கிய ஊர்களுக்கெல்லாம் அனுப்பினார். குடிதண்ணீர் எங்கிருந்து வருகிறது? சாக்கடை எங்கே போகிறது? எத்தனை பேர் படுத்தார்கள்? எத்தனை பேர் செத்தார்கள்?

பதில்கள் வண்டி வண்டியாக வந்து அவர் வீட்டை நிறைத்தன. எல்லாவற்றையும் படித்தார். 1863-ல் அறிக்கை வந்தது. இரண்டு தடித்த புத்தகம். ஏறக்குறைய 2 ஆயிரம் பக்கம்.

இந்தியாவில் ஆண்டுதோறும் ஆயிரம் வெள்ளைச் சிப்பாய்களுக்கு 69 பேர் செத்துக்கொண்டிருந்தார்கள். வெயில் கொல்கிறது, சீதோஷ்ணம் ஒத்துக்கொள்ளவில்லை என்று அதிகாரிகள் சொன்னார்கள். அவர் ஏற்கவில்லை. தண்ணீரும் சாக்கடையும் கொல்கின்றன என்றார். அடுத்த ஆண்டே சென்னை, கல்கத்தா, பம்பாய் மூன்று மாகாணங்களிலும் சுகாதாரக் கமிஷன்கள் ஏற்பட்டன. பத்து ஆண்டில் 69 என்பது 18 ஆயிற்று. அதே வெயில்தான்!

ஆரம்பத்தில் அவர் பார்த்தது வெள்ளைக்காரச் சிப்பாய்களைத்தான். நம் ஜனங்களை அல்ல. ஆனால் பட்டாள முகாமுக்கு அடுத்தே ஊர் இருக்கிறது. ஊர்க் கிணறு கெட்டால் முகாமுக்கும் நோய் வரும். இப்படித்தான் அவர் பார்வை மெல்ல மெல்லக் கிராமத்தின் பக்கம் திரும்பியது. பிறகு அவர் சிப்பாய்களை விடக் குடியானவர்களைப் பற்றியே அதிகம் எழுதினார்.

தாது வருஷம்

1876-ல் மழை இல்லை. 1877-லும் முன்மழை ஏமாற்றியது. மதுரைக்கு ரெயில் வந்து ஓர் ஆண்டுதான் ஆகியிருந்தது. ரெயில் தானியத்தைக் கொண்டு வந்தது. ஆனால் வாங்கக் குடியானவன் கையில் காசு இல்லை. விலை மலைபோல் ஏறிவிட்டது. 1877 ஜனவரி முதல் தேதி டெல்லியில் ராஜப் பிரதிநிதி லிட்டன் பிரபு பெரிய தர்பார் நடத்தி விருந்து வைத்தார். இங்கே மதுரையில் குஞ்சரம் என்ற தாசி தன் சொத்தையெல்லாம் விற்றுக் கஞ்சி ஊற்றினாள் என்று சொல்லுவார்கள். தர்பாரை மறந்துவிட்டார்கள். குஞ்சரத்தை ஊர் இன்னும் மறக்கவில்லை.

அரசாங்கம் பஞ்ச நிவாரண வேலை கொடுத்தது. ரிச்சர்டு டெம்பிள் என்ற பெரிய அதிகாரி வந்து, கூலியைக் குறைத்தார். ஓர் ஆளுக்கு நாளைக்கு ஒரு பவுண்டு, அதாவது அரைக் கிலோவுக்கும் குறைவான தானியத்துக்கு உரிய காசும், அதற்கு மேல் சில்லறையும் போதும் என்றார். சென்னை மாகாணச் சுகாதாரக் கமிஷனர் டாக்டர் கார்னிஷ் எதிர்த்தார். மண் வெட்டுகிறவனுக்கு இது போதாது, உடம்பு நாளுக்கு நாள் கரையும், வியாதி வந்தால் தாங்காது என்று எழுதினார். இருவருக்கும் பெரிய எழுத்துச் சண்டை. சில மாதம் கழித்துக் கூலி உயர்ந்தது. அதற்குள் எத்தனையோ பேர் மண்ணுக்குப் போய்விட்டார்கள்.

கார்னிஷ் கையில் ஓர் ஆயுதம் இருந்தது. சாவுப் பதிவேடு! அப்போது கிராமங்களில் பிறப்பு இறப்பை எழுதும் வழக்கம் வந்திருந்தது. சென்னை மாகாணத்தில் 1877-ல் மட்டும் 15 லட்சத்துக்கு மேல் சாவு பதிவாயிற்று. சாதாரண ஆண்டுகளைப் போல் இரண்டு மடங்குக்கும் மேல்!

இதில் மூன்றரை லட்சம் பேர் காலராவில் செத்ததாக எழுதியிருந்தது. காய்ச்சல் என்று இன்னும் பல லட்சம். பட்டினி என்று எழுதியது சொற்பம். பட்டினி கிடந்த உடம்பில்தான் காலரா எளிதில் கொல்லும். ஏட்டை மட்டும் படித்தால் பஞ்சத்தில் பட்டினியால் அதிகம் பேர் சாகவில்லை என்று ஒருவன் வாதாடலாம். கழித்துப் பார்த்தால் வாதாட முடியாது.

அந்த ஏடும் முழுதல்ல. ஊரை விட்டு ஓடி, சாலை ஓரத்தில் விழுந்தவனை யார் எழுதுவது? ஏடு எழுதுகிறவனே படுத்துவிட்டால்? கார்னிஷுக்கு இது தெரியும். 1878-ல் சில தாலுகாக்களில் மட்டும் சோதனையாக ஒரு தலை எண்ணிக்கை எடுத்தார்கள். 1871-ல் இருந்த ஜனத்தொகையோடு ஒப்பிட்டார்கள். பதிவேடு சொன்னதை விட அதிகம் பேர் மறைந்திருந்தார்கள்.

இங்கே ஒரு சிக்கல். மறைந்தவர் எல்லாரும் செத்தவர் அல்ல. இலங்கைக் காப்பித் தோட்டத்துக்குக் கப்பல் ஏறியவர்கள் உண்டு. பர்மாவுக்குப் போனவர்கள் உண்டு. அந்த இரண்டு ஆண்டில் பிறக்க வேண்டிய குழந்தைகள் பிறக்கவும் இல்லை. இதையெல்லாம் கூட்டிக் கழிக்க வேண்டும். அதனால் ஒரே ஒரு எண்ணைச் சொல்ல முடியாது. இத்தனையிலிருந்து இத்தனைக்குள் என்றுதான் சொல்ல முடியும்.

1880-ல் பஞ்சக் கமிஷன் கணக்குக் கொடுத்தது. பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதிகளில், வழக்கமான சாவுக்கு மேல் 52 லட்சத்து 50 ஆயிரம் பேர் செத்தார்கள் என்றது. பிறகு 1881-ல் குடிமதிப்பு எடுத்தார்கள். பத்து ஆண்டில் ஜனத்தொகை பெருகியிருக்க வேண்டும். சென்னை மாகாணத்தில் 3 கோடியே 12 லட்சமாக இருந்தது 3 கோடியே 8 லட்சமாகக் குறைந்திருந்தது.

நைட்டிங்கேல் இந்தச் சேதிகளை எல்லாம் லண்டனில் வரவழைத்துப் படித்துக்கொண்டிருந்தார். 1878-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் ஒரு பிரபல பத்திரிகையில் கட்டுரை எழுதினார். ஐம்பது அறுபது லட்சம் பேர் செத்தும் இங்கிலாந்து அசையவில்லையே என்று கேட்டார். தம் நாட்டு ஜனங்களுக்கு இந்தியர்கள் மேல் அக்கறையே இல்லை என்று பச்சையாக எழுதினார். உப்பு வரி, வட்டிக்கடை, கண்மாய் வாய்க்கால் வெட்டாமல் விட்ட குற்றம், எல்லாவற்றையும் இழுத்தார். இந்திய இலாகா அதிகாரிகளுக்குக் கோபம். கோபிக்கட்டும் என்று இருந்தார்.

கண்மாயும் கால்வாயும் வேண்டும் என்பது கடைசி வரை அவர் பாட்டு. கோதாவரியில் அணை கட்டிய ஆர்தர் காட்டன் துரைக்கு அவர் பெரிய துணை. தாது வருஷப் பஞ்சத்துக்குப் பிறகுதான் பெரியாற்று அணைத் திட்டம் மறுபடி உயிர் பெற்றது. 1895-ல் அந்தத் தண்ணீர் மதுரைப் பக்கம் வந்தது. மேலூர்ப் பக்கம் நெல் விளைந்தது. பேரையூர்க் கரிசல் இன்னும் வானத்தைத்தான் பார்க்கிறது.

பேரூராட்சி ஏடு

இந்தக் கழித்தல் கணக்கு பழங்கதை அல்ல. 2020-ல் கொரோனா வந்தது நமக்கு எல்லாருக்கும் நினைவிருக்கும். பரிசோதனை செய்து கொரோனா என்று உறுதியானால்தான் அந்தக் கணக்கில் எழுதினார்கள். வீட்டிலேயே மூச்சுத் திணறி இறந்தவர், படுக்கை கிடைக்காமல் இறந்தவர், ஆஸ்பத்திரிக்குப் போகப் பயந்து மாரடைப்பில் இறந்தவர், இவர்கள் எந்தக் கணக்கு?

உலகச் சுகாதார நிறுவனம் 2022 மே மாதம் கழித்தல் கணக்குப் போட்டது. 2020, 2021 இரண்டு ஆண்டில் உலகில் வழக்கத்துக்கு மேல் ஒரு கோடியே 49 லட்சம் பேர் இறந்தார்கள் என்றது. நாடுகள் கொடுத்த கணக்கோ 54 லட்சம்தான். இந்தியாவில் மட்டும் 47 லட்சம் என்றது. நம் அரசாங்கக் கணக்கு 4 லட்சத்து 81 ஆயிரம். அந்த நிறுவனம் கணக்குப் போட்ட முறை சரியல்ல என்று இந்திய அரசு மறுத்தது. பிறகு நம் நாட்டுப் பதிவேடே வெளிவந்தது. 2019-ல் பதிவான சாவு 76 லட்சம். 2021-ல் ஒரு கோடியே 2 லட்சம். ஜனத்தொகை பெருகியதும், முன்னை விட அதிகம் பேர் பதிவு செய்வதும் இதில் ஒரு பங்கு. மீதியைத்தான் நிபுணர்கள் இன்னும் கூட்டிக் கழித்துக்கொண்டிருக்கிறார்கள்.

முன்பு கிராம முன்சீப் எழுதினார். 1980-ல் அந்தப் பரம்பரைப் பதவி போயிற்று. கிராமத்தில் இப்போது வி.ஏ.ஓ. எழுதுகிறார். பேரையூர் போன்ற ஊரில் பேரூராட்சி அலுவலகம். சாவு நடந்து 21 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும் என்பது 1969-ம் ஆண்டுச் சட்டம். நிலம் மாற்ற, பென்ஷன் வாங்க, இன்சூரன்ஸ் பணம் வாங்கச் சான்றிதழ் வேண்டும் என்பதால் ஆண்கள் சாவைப் பெரும்பாலும் எழுதிவிடுகிறார்கள். சொத்தில்லாத கிழவியையும், பிறந்த சில நாளில் போன சிசுவையும் பல வீட்டில் எழுதுவதில்லை. எழுதாத சாவு வழக்கமான ஆண்டிலும் கணக்கில் இல்லை, பஞ்ச ஆண்டிலும் கணக்கில் இல்லை.

கடைசி நாட்கள்

நைட்டிங்கேல் அம்மையார் நெடுங்காலம் வாழ்ந்தார். சிட்னி ஹெர்பர்ட் 1861-லேயே போய்விட்டார். டாக்டர் ஃபார் 1883-ல் போனார். கூட உழைத்தவர் எல்லாரும் போனார்கள். இவர் லண்டன் வீட்டு மாடியில், பூனைகளுக்கு நடுவில், கடிதம் எழுதிக்கொண்டே இருந்தார். கவர்னர்களாகவும் ராஜப் பிரதிநிதிகளாகவும் இந்தியாவுக்குக் கிளம்புகிறவர்கள் அவரைப் பார்த்துவிட்டுப் புறப்படுவது வழக்கமாயிற்று. அவர்களிடம் அவர் கேட்டதெல்லாம் சாக்கடையும் கிணறும் சாவுக் கணக்கும்தான்.

எண்பது வயதுக்குப் பிறகு கண் போயிற்று. நினைவும் தடுமாறியது. 1907-ல் ராஜா ஒரு பெரிய கௌரவப் பட்டம் கொடுத்தார். அந்தப் பட்டம் அதற்கு முன் எந்தப் பெண்ணுக்கும் கிடைத்ததில்லை. வீட்டுக்கே கொண்டு வந்து கொடுத்தார்கள். என்ன நடக்கிறது என்று அவருக்குச் சரியாக விளங்கவில்லை.

1910-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 13-ந்தேதி தூக்கத்திலேயே உயிர் பிரிந்தது. வயது தொண்ணூறு. ராஜாக்களையும் மகாகவிகளையும் புதைக்கும் பெரிய தேவாலயத்தில் இடம் கொடுக்க அரசாங்கம் தயாராக இருந்தது. அப்படி எதுவும் வேண்டாம் என்று அவர் முன்பே எழுதி வைத்திருந்தார். உறவினர்கள் அதன்படி சொந்தக் கிராமத்தில், தாய் தகப்பன் பக்கத்தில் புதைத்தார்கள்.

கல்லறையில் அவர் முழுப் பெயர் கூட இல்லை. பெயரின் இரண்டு முதலெழுத்துக்கள். பிறந்த தேதி. இறந்த தேதி. ஒரு பதிவேட்டில் எழுதுகிற அளவுதான்.